பத்து நிமிடத்துக்கு ஒரு முறை

பெல்ட் இரண்டாவது முறை இறங்கியபோது பிரபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

"நடிக்கிறியாடி?" வேலாயுதம் அவள் முடியைப் பற்றி நிமிர்த்தினான். "எட்டு மாசம்தானே ஆகுது."

"அடி பட்டா முன்னாடியே வந்துடும்னு பௌதி சொன்னாங்க."

எதிர்வீட்டு வங்காளிப் பெண்ணைத்தான் அவர்கள் வழக்கப்படி பௌதி, அண்ணி, என்றாள். ஊரிலிருக்கும் தன் அண்ணனுக்கு எழுத அவளிடம் ஒரு இன்லேண்ட் கடிதம் வாங்கியதற்காகத்தான் கிடர்பூர் குவார்ட்டர்ஸின் கதவு பதினோரு நாளாகப் பூட்டிக் கிடந்தது. சாவி வேலாயுதத்தின் அரைஞாணில் தொங்கியது.

மூன்று முப்பதுக்கு மறுபடி மடங்கினாள். தண்ணீர்ப் பானைக்கு மேலிருந்த ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்தாள். ஒரு நிமிடம் கழித்து விட்டாள்.

மூன்று நாற்பதுக்கு உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

ஓங்கிய கை நின்றது.

அவனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். சீரகத் தண்ணீர். சூட்டு வலி என்றால் குடித்ததும் அடங்கும். பிரசவ வலி அடங்காது. மூன்று ஐம்பதுக்கு அவள் முனகல் அடுப்படி வரை கேட்டது.

கொதிக்க வைத்துக் கொண்டுவந்தபோது அவள் காலடியில் தரை நனைந்திருந்தது. இருந்தும் வாயைப் பிளந்து சூடாகவே ஊற்றினான். நாக்கு வெந்தது. முழுதும் விழுங்கினாள்.

அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான்கு மணிக்குச் சரியாக அவள் தரையில் சாய்ந்தாள்.

சாவியை அவன் அறுத்தே எடுத்தான்.

ஆஸ்பத்திரி போகும் வழியில் ஒரு கைவண்டி அவர்கள் டாக்சிக்குக் குறுக்கே நின்றது. வேலாயுதம் இறங்கி வண்டிக்காரன் முகத்தில் குத்தினான். "என் பையன் வர்றான்டா!" என்று தமிழிலேயே கத்தினான். வண்டிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். டாக்சிக்கு வழி கிடைத்தது.

பிரசவ வார்டு வாசலில் ஆயா அவன் நெஞ்சில் கைவைத்து நிறுத்தினாள். ஆம்பளைகள் உள்ளே வரக்கூடாது.

உள்ளே நர்ஸ் சோதித்தாள். குழந்தையின் துடிப்பு சீராக இருந்தது. கருப்பை வாய் இறுக மூடியிருந்தது. ஈரப் புடவையை முகர்ந்து பார்த்தாள்.

"இது வெறும் தண்ணி," என்றாள் இந்தியில். "உனக்கு வலியே வரலையே."

பிரபா ஒருக்களித்துப் படுத்து முதுகைக் காட்டினாள்.

நர்ஸ் பெல்ட் தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றாமலே கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"வலி நல்லா வந்திருக்கு. வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குத் துணி எடுத்துட்டு வாங்க. ஓடுங்க."

படிகளில் அவன் ஓடும் சத்தம் கேட்டது.

நர்ஸ் கதவைத் தாழிட்டாள். பின்வாசல் பக்கம் கை காட்டினாள்.

"அவன் போய்வர எவ்வளவு நேரமாகும்?"

"நாற்பது நிமிஷம்," என்றாள் பிரபா. அதற்குள் கட்டிலிலிருந்து இறங்கியிருந்தாள்.