நின்னுபோன புல்லட்

"பெரிய ரிப்பேருங்க. சாயங்காலம் ஆயிருமுங்க" என்று பெரியவரிடம் சொன்னார் மெக்கானிக் உமர் பாரூக்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிருபாசங்கர் நிமிர்ந்து பார்த்தார். பெரிய ரிப்பேரா?

கணபதி ஏரியாவில் உமரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்கூட்டர் கிளட்ச் ஒயர் மாற்ற வந்திருந்தார் அவர். எதிரே நின்றது ஒரு பழைய புல்லட். அன்னூர்க்காரப் பெரியவர் ஈஸ்வரமூர்த்தி வழியில் நின்றுவிட்டது என்று நாலடி தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியது. டேங்க்குக்கு அடியில் பெட்ரோல் டேப் மூடியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. டேப்பைத் திறந்து ஓர் உதை விட்டால் வண்டி கிளம்பிவிடும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவனுக்கே தெரிகிற விஷயம், மெக்கானிக்குக்குத் தெரியாதா?

"அதுவரைக்கும் அந்த மரத்து நெழல்ல உக்காருங்க" என்று உமர் எதிர்வீட்டைக் காட்டினார்.

"வேற என்ன பண்றது? வண்டி நின்னுபோச்சே" என்று அலுத்துக்கொண்டார் பெரியவர். அலுப்பு வாயில்தான் இருந்தது. நடையில் இல்லை.

அவர் போனதும் கிருபாசங்கர் எழுந்தார்.

"பாய், டேப் மூடியிருக்குது."

"பாத்தேனுங்க சார்."

"அப்புறம் எதுக்குப் பெரிய ரிப்பேர்ன்னீங்க?"

"சித்த சும்மா இருங்க சார்."

சும்மா இருக்கிற ஆளா அவர்? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இடுப்பில் புதுப் பேஜர். அடுத்தவர் வீட்டு நியாயமென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். வயசானவரை இப்படியா ஏமாற்றுவது என்று கொதித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்.

எதிர்வீட்டிலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

"ஏனுங்க, வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிங்க."

"குடு அம்மணி" என்று பெரியவர் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

"பாப்பாவைச் சித்த புடிச்சுக்குங்க. அடுப்புல பால் இருக்குது" என்று அவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முன்பின் தெரியாத ஆளிடம் யாராவது கைக்குழந்தையைக் கொடுப்பார்களா? மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா? கிருபாசங்கருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வந்த காரியத்தை முடித்தார்.

"ஏனுங்கய்யா, உங்க வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. பெட்ரோல் டேப் மூடியிருக்குது. தொறந்தாக் கெளம்பிரும்."

நன்றி சொல்வார் என்று நின்றார். பெரியவர் முகம் சுண்டிப் போயிற்று. பாலை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்ணும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்படீங்களா..." என்றார் பெரியவர். "அப்பக் கெளம்ப வேண்டியதுதான்."

குழந்தையை அவளிடம் நீட்டினார். அது அவர் சட்டையை விடுவதாக இல்லை. ஒரு கையை எடுத்தால் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டது.

கிருபாசங்கர் வெற்றியோடு ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார். உமர் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"காரியத்தைக் கெடுத்துப்போட்டீங்களே சார்! செகண்ட் ஹேண்டா வாங்குன வண்டி. அத்தனை ரிப்பேரும் அவரு கையாலயே பாக்கற மனுசன். டேப் மூடியிருக்கறது அவருக்குத் தெரியாதா?"

"பின்னே?"

"மூடறதே அவருதானுங்க. பஸ் ஸ்டாப்புக்கிட்ட மூடுனா, கார்புரேட்டர்ல இருக்கற பெட்ரோல் தீந்து இங்க வந்து நிக்கும்."

"எதுக்குங்க?"

"மோர் குடுத்துச்சே கீதா, அது அவரு பொண்ணு. இஷ்டப்பட்ட பையனைக் கட்டிக்கிச்சு. 'சாகற வரைக்கும் உன் ஊட்டைத் தேடி வர மாட்டேன்'னு கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டாரு."

"இப்ப வந்திருக்காரே?"

"தேடி வரலீங்களே! வண்டி நின்னுபோச்சு. நின்ன எடத்துல அந்த ஊடு இருந்தா அவரு என்ன பண்ணுவாரு?"

கிருபாசங்கர் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கும் தெரியும் சார். அப்பான்னு கூப்பிட்டாச் சத்தியத்தை ஒடைச்ச மாதிரி ஆயிரும், அப்புறம் மனுசன் வர மாட்டாருன்னுதான் 'ஏனுங்க'ன்னு கூப்பிடுது."

கிருபாசங்கருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் பெரியவர் வந்துவிட்டார். எதிர்வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் குனிந்து, டேப்பைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார்.

"அய்யா, கையை எடுங்க!" என்று பாய்ந்தார் கிருபாசங்கர். "நான் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. டேப் இல்லீங்க. இது வந்து... கிளட்ச்சு... கிளட்ச்சுக்குள்ள காத்து அடைச்சிருக்குதுங்க. சாயங்காலம் ஆயிருமுங்க!"

எந்த ஊர்ப் புல்லட்டுக்கும் அப்படி ஒரு வியாதி வந்ததில்லை. உமர் கரித்துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெரியவர் கிருபாசங்கரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அதானே பாத்தேன்! கிளட்ச்சுல காத்து அடைச்சா ஒரே நாள்ல சரியாகாதுங்க. நாளைக்கும் பாக்க வேண்டியிருக்கும்" என்றபடி ரோட்டைத் தாண்டினார்.