பிடிவாதக் கழுதை

வில்ஃப் ஒரு வாய் குடித்தார். பல் கூசியவர்போல முகத்தைச் சுளித்தார். "பிடிவாதக் கழுதைன்னு பேரு வச்சிருக்கான் பாரு, அதுல பொய்யே கிடையாது. நேரா கழுதைகிட்டேருந்துதான் புடிச்சிருக்கான்."

கறுப்புக் கிடா பப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராய்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த பீரைக் காய்ச்சியவன் அவன்தான்.

பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, கால்வாய்க்குப் பின்னால் இருந்த பழைய கம்பளிக் கிடங்கில் நான்கு செப்புப் பாத்திரங்களை வைத்து அவன் தொழில் தொடங்கிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒவ்வொரு பப்பாகக் கையை விரித்துவிட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

பப்பின் சொந்தக்காரி பெரில் கறாராகச் சொல்லியிருந்தாள். "வியாழக்கிழமை உன் பீப்பாயத் தொறக்கறேன். தொறந்துட்டா மூணு நாளைக்கு மேல தாங்காது, புளிச்சிடும். சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள காலியாச்சுன்னா வாரம் தவறாம ஒண்ணு எடுத்துக்கறேன். இல்லேன்னா என்னை மறந்துடு."

இன்று சனிக்கிழமை. மணி நாலரை. பீப்பாயில் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது.

எல்லாம் இந்தக் கிழவரால் வந்த வினை. வில்ஃப் யார்க்‌ஷயர் பக்கத்து பீர்ச் சந்தைப் போட்டிகளில் முப்பது வருஷம் நடுவராக இருந்தவர். அவர் நாக்கு சொன்னால் ஊருக்கு அதுதான் வேதவாக்கு. மூன்று நாளாகக் கடை திறந்ததும் வந்து, பீப்பாயிலிருந்து பீரை இறைக்கும் கைப்பம்புக்கு நேர் எதிரே அதே முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கழுதையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மலையேறிவிட்டு வந்த ஒரு இளஞ்ஜோடி, சேறு படிந்த பூட்ஸோடு உள்ளே நுழைந்தது. பம்பில் மாட்டியிருந்த கழுதைப் படத்தைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். "இதுல ரெண்டு குடுங்க" என்றான் அவன். ராய்ஸ்டனுக்கு உயிர் வந்தது.

வில்ஃப் முக்காலியோடு திரும்பினார். "தம்பி, வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"நடந்தா ரெண்டு மைல் இருக்கும்."

"வழியில கக்கூஸ் இருக்கா?"

அவர்கள் பக்கத்துப் பம்பைக் காட்டி வேறு பீர் வாங்கிக்கொண்டார்கள்.

ராய்ஸ்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்க் கிழவர் முன்னால் நின்றான். "என் பீர்ல என்ன குறை? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

வில்ஃப் நிதானமாகக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, நாக்கில் புரட்டி விழுங்கினார். "முதல்ல ஈரச் சாக்கு வாடை. நடுவுல சோப்புத் தண்ணி. முழுங்கினப்புறம் துருப்பிடிச்ச ஆணி."

"உங்க நாக்கு செத்துப் பத்து வருஷமாச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்க."

"செத்த நாக்குக்கே இவ்வளவு நாத்தம் தெரியுதுன்னா, உசுரோட இருக்கற நாக்கு என்ன பாடு படும்?"

மறுபடி சிரிப்பு. ராய்ஸ்டனின் காது மடல் சிவந்தது. "அப்ப எதுக்கு அதையே குடிக்கறீங்க? இங்க இன்னும் அஞ்சு வகை இருக்கில்ல?"

"ஊருக்கு ஒரு கெடுதல் வந்தா, எவனாவது ஒருத்தன் முன்னால நின்னு தாங்கணுமில்ல." வில்ஃப் கிளாஸைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு வைத்தார். அடிவரை நுரை வளையம் வளையமாக ஒட்டியிருந்தது, ஒரு சொட்டு மிச்சமில்லை. "பெரிலம்மா, இன்னொண்ணு ஊத்து. தண்டனைய முழுசா அனுபவிச்சுடறேன்."

திட்டுவதற்கென்றே கைக்காசு போட்டுக் குடிக்கிற ஆளை ராய்ஸ்டன் அன்றுதான் பார்த்தான். அந்த வழுக்கைத் தலையிலேயே பீரை ஊற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. பெரில் ஒரு பார்வை பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

ஆறு அடித்தது. பெரில் பம்பில் இருந்த கழுதைப் படத்தைத் திருப்பி மாட்டினாள். எந்த பப்பிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த பீர் இனி இல்லை. பிறகு அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள். "முப்பது கிளாஸுக்கு மேல அடியில நிக்குது, ராய்ஸ்டன். எல்லாத்தையும் சாக்கடையிலதான் கொட்டணும். என்னைத் தப்பா நினைக்காத."

அவன் வெளியே வந்து மழைத் தூறலில் நின்றபடி, பாத்திரங்களுக்கு விலை கேட்டிருந்த வியாபாரிக்குப் போன் போட்டான். "அந்தச் செப்புப் பாத்திரம் நாலையும் நீங்களே எடுத்துக்குங்க. ஆமா, திங்கக்கிழமையே வண்டி அனுப்பலாம். இல்ல சார், பேச்சு மாற மாட்டேன். பீர் காய்ச்சறதை விட்டுட்டேன்."

போனைப் பைக்குள் போட்டபோது பின்னால் கதவு திறந்தது. வில்ஃப். ராய்ஸ்டனின் விரல்கள் தானாக மடங்கின. கிழவரை இன்று ஒரு அறையாவது அறையாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

கிழவரோ கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்த பீப்பாயை என்னிக்கு எறக்கற?"

"எதுக்கு? இன்னும் திட்டித் தீரலையா உமக்கு?"

வில்ஃப் மீசையில் ஒட்டியிருந்த நுரையை நாக்கால் துழாவி எடுத்தார்.

"நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா எனக்கு மிஞ்சியிருக்குமாப்பா?"