கீறல் எந்தப் பக்கம்

"முகத்தைக் கொஞ்சம் திருப்பும்மா," என்றது சுவரில் சாய்ந்திருந்த ஓவிய அச்சுப் பிரதி.

அதை அச்செடுத்த செப்புத் தகடு மேசைமேல் குப்புறக் கிடந்தது; அசையவில்லை. "எதுக்கு?"

"கீறல் இருக்கான்னு பார்க்கணும்."

போர்க்காலத்தில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்த ஒரு பல்சக்கர இயந்திரத்தின் படம் அந்த அச்சில் இருந்தது. அடியில் பென்சிலால் 12/50, அதாவது ஐம்பதில் பன்னிரண்டாவது பிரதி, என்று எழுதியிருந்தார்கள். ஐம்பது பிரதி எடுத்ததும் தகட்டின் முகத்தில் ஆணியால் கீறிவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். பிறகு அதிலிருந்து நல்ல பிரதி வராது. ஐம்பதாவது பிரதி போன மாதமே காய்ந்துவிட்டது. கீறல் இல்லையென்றால் இன்னும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்; பன்னிரண்டு என்ற எண்ணுக்கும் மதிப்பில்லை.

"கீறியாச்சு. இன்னும் வலிக்குது," என்றது தகடு.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"நேத்து வலப்பக்கம்னு சொன்னே."

"உனக்கு வலம்னா எனக்கு இடம். நீ என்னைத் திருப்பிப் போட்ட மாதிரிதானே பொறந்தே? அந்த மெஷினைச் சுமந்து சுமந்து, பெத்தவளையே வேவு பார்க்கிற புத்தி வந்துடுச்சு உனக்கு."

அச்சு யோசித்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. தனக்கென எதிரில் சாய்த்து வைத்திருந்த சட்டத்தின் கண்ணாடியில் தன் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"கோவிச்சுக்காதேம்மா."

"போ, போய் நல்ல வீட்டுச் சுவர்ல தொங்கு," என்றது தகடு.

தகட்டின் ஓரத்தில், அன்று காலை பூசிய ஈர மை கசிந்தது. பக்கத்தில் கிடந்த கந்தல் துணி நகர்ந்து வந்து அதைத் துடைத்தது.