டாலர் முகத்தில் ஒரு கோடு

பழைய வெள்ளி டாலர் நாணயங்கள் இரண்டு ஒரே பெட்டியில் இருந்தன. அவற்றில் ஒன்றின் முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு.

"எங்கே விழுந்து கீறிக்கிட்டே?" என்று வழவழப்பான டாலர் தினமும் கேட்கும். கோடு விழுந்த டாலர் குப்புறப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் பூதக்கண்ணாடி வந்து குனிந்து பார்த்தது.

"கீறல்னா பள்ளமா இருக்கும். இது மேடா இருக்கே. உன்னை அடிச்ச அச்சுல விரிசல் இருந்திருக்கு. அதுதான் உன் முகத்துல கோடா எழும்பியிருக்கு."

"அச்சுதானே என்னைப் பெத்தது? அப்போ இது அம்மா சாயலா?"

"அச்சு அசல் அம்மாவேதான்."

அன்று முதல் கோடு விழுந்த டாலர் மல்லாந்தே படுத்தது.

வழவழப்பான டாலர் பூதக்கண்ணாடியின் பக்கம் புரண்டது. பிறகு மெதுவாகக் கேட்டது: "கண்ணாடியண்ணே, என் முதுகையும் கொஞ்சம் பாருங்களேன். ஒரு சின்னக் கோடாவது இருக்கும்."