கழற்றிக் கொடுத்த வாட்ச்

“ஏம்மா, இந்தா, இத வாங்கி வச்சுக்கோ.”

தனுஷ்கோடி தன் எலக்ட்ரானிக் வாட்ச்சைக் கழற்றி விமானப் பணிப்பெண்ணிடம் நீட்டியபோது, பரிபூரணத்துக்கு ஜன்னலைத் திறந்து வெளியே குதித்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பாழாய்ப்போன ஜன்னலும் திறக்காதாம்.

தப்பு அவள் மேல்தான். பணிப்பெண் இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்ததை, கான்வென்ட்டில் படித்த பெருமையில் புருஷனுக்குத் தமிழில் சொல்லித் தொலைத்துவிட்டாள். “எலக்ட்ரானிக் சாமான் எதையும் போடக்கூடாதாம். பைலட்டோட மீட்டர் கோளாறாயிருமாம்.”

அவ்வளவுதான். மனிதர் வாட்ச்சைக் கழற்றிவிட்டார்.

மதுரையிலிருந்து மெட்ராஸுக்கு இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். டிக்கெட் மாப்பிள்ளை அனுப்பியது. நாளைக்கு அங்கே, மெட்ராஸிலேயே படிக்கும் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டில் மூன்று தலைமுறையாக வக்கீல்கள். ராஜபாளையத்துப் பஞ்சு குடோன்காரர் அந்தச் சபையில் மானத்தை வாங்காமல் இருக்க வேண்டுமே என்று, ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தாள் பரிபூரணம். ஸ்பூனை எப்படிப் பிடிப்பது என்பது உட்பட.

“வாட்ச்செல்லாம் வேண்டாம் சார். அது ஒண்ணும் பண்ணாது,” என்றாள் பணிப்பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“அது எப்படிம்மா? பேட்டரியிலதான ஓடுது? மணிக்கொரு தடவ கீ கீன்னு வேற கத்துது. எங்க வீட்டுல மிக்ஸியப் போட்டா டி.வி.யில கோடு கோடா விழுது. எங்க குடோன்ல தீப்பெட்டிய வாசல்லயே குடுத்துட்டுத்தான் உள்ள போகணும். மொதலாளி நானே குடுத்துட்டுத்தான் போவேன். இங்க எம்புட்டு பேரு உசுரு இருக்கு!”

பின் சீட்டிலிருந்து டை கட்டிய ஒருவன் எட்டிப் பார்த்தான். “பெரியவரே, பல்செட் கட்டியிருந்தா அதையும் கழட்டிக் குடுத்துருங்க!”

நாலு வரிசைக்குக் கொல்லென்று சிரிப்பு.

பரிபூரணம் பல்லைக் கடித்தாள். “போதும், வாட்ச்சக் கட்டுங்க. நாளைக்கு அங்க வந்து வாயத் திறந்தீகன்னா பாத்துக்கிடுங்க. எல்லாம் நான் பேசிக்கிடுதேன். நீங்க சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும்.”

தனுஷ்கோடியின் முகம் சுருங்கிப் போயிற்று. நீட்டிய கை பாதியில் நின்றது. இருபத்தைந்து வருஷமாக முப்பது பேரை வேலை வாங்கிய கை.

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே, ஏட்டி,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவருக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அரைக்கைச் சட்டை, நரைத்த மீசை. நிதானமாகத் தன் வாட்ச்சைக் கழற்றினார்.

“நல்ல வேளை சொன்னீங்க சார். எனக்குத் தோணவே இல்லை. இந்தாம்மா, என்னோடதையும் வச்சுக்க.”

பணிப்பெண் திருதிருவென்று விழித்தாள். “சார்... நீங்களுமா?”

“ஏன், நான் மட்டும் என்ன ஒசத்தி? குடோன் முதலாளியே தீப்பெட்டியைக் குடுத்துட்டுத்தான் போறாராம். வாங்கிக்க.”

இரண்டு வாட்ச்சும் ஒரே கவருக்குள் போயின. பின் சீட்டு டைக்காரன் மடியிலிருந்த கால்குலேட்டரை மெல்லப் பெட்டிக்குள் தள்ளினான்.

அப்புறம் வழியெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் பேச்சுதான். பஞ்சு விலை, மழை, மாப்பிள்ளை, எல்லாம். சம்பந்தி வீட்டுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவா டப்பாவைக்கூடத் தனுஷ்கோடி பிரித்து நீட்டிவிட்டார். அசட்டுக்குத் துணையாக இன்னொரு அசடு வந்து வாய்த்ததே என்று பரிபூரணம் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

மீனம்பாக்கத்தில் தனுஷ்கோடி தன் வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி முதல் ஆளாக இறங்கினார். பையை எடுக்கப் பின்தங்கிய பரிபூரணத்தின் காதில் பணிப்பெண்ணின் குரல் விழுந்தது.

“இந்தாங்க உங்க வாட்ச், கேப்டன். நாளைக்குக் காலையில இதே ஃப்ளைட்டை நீங்கதானே ஓட்டறீங்க?”

பரிபூரணம் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்துவிட்டார். லேசாகச் சிரித்து, அவள் முன்னால் போக வழிவிட்டார்.

படிக்கட்டுக்குக் கீழே தனுஷ்கோடி காத்திருந்தார். “அந்த மனுசன் பாவம்ட்டி, ப்ளேனுக்குப் புதுசு போல. நான் எடுத்துச் சொல்லப் போயித்தான் அவருக்கு வெவரமே தெரிஞ்சிருக்கு!”

நாக்கு நுனி வரை வந்துவிட்டதைப் பரிபூரணம் அப்படியே விழுங்கினாள்.

“ஆமாங்க,” என்றாள். “நாளைக்குச் சம்பந்தி வீட்டுலயும் நீங்களே பேசுங்க.”