மண்ணாங்கட்டி காலி

எத்தனை தடவை க்ளிக் செய்தாலும் திருடன் சாகவில்லை.

திரையில் ஒரு மல்லாட்டைக் கொல்லை, முழுக்க வேர்க்கடலைச் செடி. தலையில் துண்டும் தோளில் மூட்டையுமாக ஒருவன் ஓடுகிறான். மவுஸை அவன் மேல் வைத்து அமுக்கினால் அடி விழவேண்டும். விழவில்லை. அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

திண்டிவனத்து எண்ணெய்க்காரர் ஒருவர் தன் கடை விளம்பரத்துக்குக் கேட்ட விளையாட்டு. திருடனைப் பத்துத் தடவை அடித்தால் அரை லிட்டர் மல்லாட்டை எண்ணெய் இலவசம். நாலு மணிக்கு அவரே விழுப்புரத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

திருடனை வரைந்தது நான். அவனுக்குப் பெயர் வைத்தது எங்கள் முதலாளி ராஜ்குமார் அண்ணன்.

“மண்ணாங்கட்டின்னு வைடா கோபி. புள்ளைக்கு அந்தப் பேரு வெச்சா எமனே தொடமாட்டான்னு சொல்லுவாங்க. க்ளிக்கு எங்க தொடப்போவுது?”

ஆபீசே சிரித்தது. நானும்தான். சிரித்த கையோடு, அடி விழுந்தால் திரையில் ‘மண்ணாங்கட்டி காலி’ என்று பெரிதாக வருகிற மாதிரி செய்து வைத்தேன்.

பிழையைப் பிடிக்கும் வேலை பொன்னி தலையில் விழுந்தது. கோலியனூர்ப் பக்கத்துப் பெண். தற்காலிகமாகச் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம். நாலு மணிக்குள் சரிசெய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அதிகம் பேசமாட்டாள். தினமும் ஐந்தரைக்குக் கீழே மொபெட் ஹாரன் இரண்டு தடவை அடிக்கும். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். அவளுடைய அப்பா. ஒருநாளும் மேலே வந்ததில்லை.

மதியம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பேரு நீளமா இருக்குது சார். எழுத்து ஸ்க்ரீன வுட்டு வெளிய போவுது. வேற பேரு வெச்சுடலாமா?”

எழுத்து எங்கேயும் போகவில்லை. நான் அளந்து செய்தது. க்ளிக்கை மட்டும் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று மணிக்குக் கண்டுபிடித்தாள்.

கொல்லை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். மவுஸ் சொல்வது திரையில் எந்த இடம் என்பதை. அவன் கொல்லையில் எங்கே நிற்கிறான் என்பது வேறு கணக்கு. கொல்லை நகர்ந்த தூரத்தை நாங்கள் கூட்டாமல் விட்டிருந்தோம். அடியெல்லாம் அவன் எப்போதோ தாண்டிப்போன இடத்தில் விழுந்திருக்கிறது.

ஒரே வரி. கூட்டினாள். க்ளிக் செய்தாள்.

மண்ணாங்கட்டி காலி.

நூறு தடவை அடித்துப் பார்க்கச் சொன்னார் அண்ணன். அடித்தாள். நூறு தடவையும் விழுந்தான். நாங்கள் அவளைச் சுற்றி நின்று, ஒவ்வொரு அடிக்கும் அந்த எழுத்தைச் சேர்ந்து கத்தினோம். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எண்ணெய்க்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் உள்ளே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கும்போதே, நிரந்தர வேலைக்கான படிவத்தைப் பொன்னியிடம் கொடுத்தேன். அதுவரை யாரும் அவளிடம் ஒரு காகிதமும் கேட்டதில்லை.

நிரப்பித் தந்தாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அப்பா பேரக் கேட்டா பொம்ம பேர எழுதிக்கினு வந்திருக்கியே. மண்டைக்குள்ள இன்னும் அதேதான் ஓடிக்கினு இருக்குதா?”

சத்தமாகவே கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“சாரி சார்” என்றாள். வேறு படிவம் கேட்டாள்.

பழையதைக் கிழிக்கப் போனபோதுதான் பின்னால் குத்தியிருந்த ஆதார் நகலைப் பார்த்தேன். அப்பா பெயர் அதிலும் அதேதான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே எண்ணெய்க்காரர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

பொன்னி புதுப் படிவத்தை நீட்டினாள். காப்பாளர் என்ற இடத்தில் அவள் அம்மா பெயர் இருந்தது. தந்தை பெயர் என்ற இடத்தில் ‘உயிருடன் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

ஐந்தரைக்குக் கீழே ஹாரன் இரண்டு தடவை அடித்தது.