கண்ணாடியின் உட்பக்கம்

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று மினிபஸ் ஓட்டும் செங்கோடன் முடிவு கட்டியிருந்தான். எதிர்வெயில் அடித்தால் ரோடே பால் கொட்டியதுபோல வெளுத்துப் போகிறது. வண்டியின் முன்கண்ணாடியைத்தான் தினமும் கழுவுகிறார்களே, பழுது தன்னிடம்தான். வண்டியை விட்டு இறங்கினால் தூரத்தைப் பார்க்கிற வேலை அவனுக்கு இருந்ததில்லை. டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த சாமி படத்திடம் மட்டும் சொன்னான். ஒற்றை ஊதுவத்தி ஏற்றிய இடத்தில் கொத்தாக ஏற்றினான். வெளுப்பு கூடிக்கொண்டே போனது. நேற்று ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மயிரிழையில் தப்பினார். போதும் என்று, முதலாளியிடம் சாவியைக் கொடுக்க இன்று வந்துவிட்டான்.

வண்டி கழுவும் பூவாத்தாள் முன்கண்ணாடியை வெளியிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி இருக்கற எடம்னு ஒருத்தரையும் உன் சீட்டுப் பக்கம் ஏற உடமாட்டியே. இன்னிக்காவது ஏறட்டுமா தம்பி?"

"ஏறிக்கங்கக்கா. இனி எனக்கென்ன."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவள், அதே கண்ணாடியின் உட்பக்கத்தில் ஈரத்துணியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். துணி அடுப்படிச் சுவரைத் துடைத்ததுபோலப் பழுப்பாகிவிட்டது.

"என்ன கருமம் இது! இத்தன பொகையில உன் சாமிக்கே ரோடு தெரிஞ்சிருக்காதே!"

செங்கோடன் ஏறித் தன் சீட்டில் உட்கார்ந்தான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. துணி போன தடத்துக்குள் ரோட்டோர வேப்பமரம் இலை இலையாக நின்றது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அப்புறம் மற்றதை.

"மீதியையும் தொடச்சிரட்டா?"

"இருங்கக்கா. இன்னுங் கொஞ்சம் இப்படியே பாத்துக்கறேன்."